சட்டைப்பையில் இருந்த வளையம்

மச்சான் போன் செய்தபோது அந்த ரப்பர் வளையம் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"மாப்ள, வண்டி படுத்துடுச்சு," என்றார். பின்னால் தண்ணீர் கேன்கள் ரோட்டில் உருண்டு ஓடும் சத்தம். யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

"யாருக்கும் அடி இல்லையே மச்சான்?"

"இல்ல. ஒரு பெரியவர்தான் எகிறிக் குதிச்சார். அந்த வயசுக்கு நல்லாவே குதிச்சார்."

மச்சான் அப்படித்தான். வீடு தீப்பிடித்தால்கூட, பீடி பற்றவைக்க ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டுதான் தீயணைப்புக்குச் சொல்வார். ஆனால் அன்று அவர் குரலுக்குள் ஏதோ உடைந்திருந்தது. எனக்கு அது கேட்டது. கேட்காமல் இருக்காது. இந்த வட்டாரத்தில் என் பட்டப்பெயரே 'காது'. வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்பதற்குள், பானட்டைத் திறக்காமலே என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன்.

இந்த வண்டியின் வியாதி எனக்கு நாற்பத்தாறு நாட்களாகத் தெரியும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் குடிதண்ணீர் கேன் போடுகிறார். கையில் இருப்பது ஒரே ஒரு பிக்கப் வண்டி. அதற்குப் பதினெட்டு வயசு. இடது முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, அலைந்து திரிந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினார். இப்போது வலது முட்டியும் மக்கர். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறார். அதனால் மகளுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு வயசுப் பெண். இரண்டு வாரமாக லைனுக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போகிறாள். அவள் ஓட்டினால்தான் இனி அந்த வீட்டில் தொழில்.

அவள் ஓட்டும்போதுதான் அது நடந்தது. தண்ணீர் பிளாண்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் சரிவு. முழு லோடு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. வண்டி பின்னால் உருண்டு மதில் சுவரில் முட்டி நின்றது. நடுவில் இருந்தவர்தான் அந்தப் பெரியவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ரோட்டோரமாகக் கேன்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மச்சான் வண்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவளிடம் ஒரே வார்த்தைதான் பேசினார்.

"இனிமே நீ ஸ்டீரிங் பக்கம் வரக் கூடாது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பாவத்தின் கதை ரொம்பச் சின்னது. நாற்பத்தேழு நாளைக்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வண்டி என்னிடம் வந்தது. அடித்தட்டைக் கழற்றினேன். பழைய ஃபில்டரை இழுத்து எடுத்தேன். புது ஃபில்டரின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு, 'டப்' என்று உட்காரும்வரை உள்ளே தள்ள வேண்டும். வளையம் தனியாக ஒரு குட்டிக் கவரில் வரும். கவரைப் பிரிக்கப்போகும் நேரத்தில் ஒரு போன். வேறு கஸ்டமர், வேறு வண்டி, பத்து நிமிஷப் பேச்சு. திரும்பி வந்தபோது வளையம் போட்டாயிற்று என்று என் கை தானாகவே முடிவு செய்துவிட்டது. ஃபில்டரை ஏற்றினேன், தட்டை மூடினேன், ஆயில் ஊற்றினேன், அனுப்பிவிட்டேன். காது என்று பேர் எடுத்தவனுக்கு அந்த 'டப்' கேட்கவில்லை என்பது உறைக்கவில்லை.

மறுநாள் காலை பெஞ்சைத் துடைக்கும்போது கவர் கிடந்தது. பிரிக்காமல். உள்ளே வளையம்.

வளையம் இல்லாவிட்டால் ஆயிலோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பது மாதிரி. ஆயில் நுரைக்கும். அழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் தட்டுகள் பிடிமானம் இல்லாமல் வழுக்கி வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். அன்றைக்கே வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை.

கூப்பிடவில்லை. 'மாப்ள கை வெச்சா மறுபேச்சு கிடையாது' என்று மச்சான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மதியம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சாக்கு வைத்து வண்டியை வரச்சொல்லி, சத்தமில்லாமல் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஓடியது. இப்போது சொன்னால் 'ஏன் ஒரு வாரம் சொல்லல?' என்று கேட்பார்கள். இரண்டு வாரம் ஆனதும் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. அப்புறம் அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

தினமும் காலை ஏழரைக்கு வண்டி என் கடையைத் தாண்டிப் போகும். மச்சான் இரண்டு ஹாரன் அடிப்பார். மகள் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அதே இரண்டு ஹாரன். ஹாரனுக்கு அடியில் மெல்லிசாக ஒரு கொசு ரீங்காரம். காற்றை உறிஞ்சும் சத்தம். அது எனக்கு மட்டும் கேட்கும். நான் கையை உயர்த்தி ஆட்டுவேன்.

வண்டி படுத்த அன்று சாயங்காலம் மச்சான் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, மாற்று கியர்பாக்ஸ் பெட்டிக்கு என்ன வழி என்று பேசினோம். மூன்று வழி இருந்தது. மூன்றையும் நானே எடுத்துச் சொன்னேன். இருக்கிற பெட்டியையே ஒரு கியர்பாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்டிடம் கொடுத்துப் பிரித்துப் புதுப்பிக்கலாம். கம்பெனியில் ரீகண்டிஷன் செய்து வாரண்டியோடு வருவதை வாங்கலாம்; ஆனால் பழையதை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், எதனால் கெட்டது என்று போட்டோவோடு ரிப்போர்ட் வரும். மூன்றாவது, பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் ஓடிய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவது.

முதல் இரண்டிலும் யாராவது பெட்டியைத் திறப்பார்கள். எனவே ஸ்பெஷலிஸ்ட்டிடம் வேலை குவிந்து கிடக்கிறது, இரண்டு மாசம் இழுத்தடிப்பார் என்றேன். இந்த வண்டிக்குக் கம்பெனிப் பெட்டி போடுவது, பல்லுப் போனவருக்குக் கரும்பு வாங்கிக் கொடுப்பது மாதிரி என்றேன். மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். யார்டு பெட்டி என்றால் ஒரே வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்றேன். எல்லாமே பாதி உண்மைதான். பாதி உண்மை மாதிரி வழவழப்பான ஆயில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

"நீ சொன்னா சரி மாப்ள," என்றார் மச்சான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேட்டது அவள்தான். எந்தப் பெட்டி வேண்டுமானாலும் இந்த வண்டியில் உட்காருமா என்று கேட்டாள். உட்காராது என்றேன். மறுநாள் முழுக்க அவள் போனும் நோட்டுமாக இருந்தாள். வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து நம்பரை எழுதிக்கொண்டாள். பெட்டியின் பின்முனையான வால், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கு ஒரு மாதிரி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு வேறு மாதிரி என்று தானே கண்டுபிடித்தாள். ஒயர் சொருகும் இடத்தில் எத்தனை ஊசி இருக்கிறது என்று எண்ணிக் குறித்தாள். நான் சொல்லித் தரவே இல்லை.

மொத்தம் நாலு யார்டுக்கு போன் போட்டாளாம். மூன்று பேர் 'எல்லாம் ஒண்ணுதான், வந்து தூக்கிட்டுப் போங்க' என்றார்களாம். நாலாவது ஆள் மட்டும், ஒரு அம்மா, தகட்டு நம்பரைப் படிக்கச் சொல்லி, போட்டோவும் அனுப்பச் சொன்னாராம்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றவங்ககிட்ட வாங்கக் கூடாது மாமா," என்றாள் என்னிடம்.

இந்தப் பெண்ணையா வண்டியை நாசம் செய்தவள் என்று சொல்கிறார்கள்? என் பையில் இருந்த வளையத்தை விரலால் அழுத்திக்கொண்டேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த வளையம் ஒரு மிளகாய் வற்றல் எடைகூட இருக்காது.

அந்த அம்மாவிடம் மச்சான் ஸ்பீக்கரில் பேசினார். பழைய பெட்டியைக் கொண்டுவந்தால்தான் வேறு பெட்டி தருவாராம். தன் பெட்டியை வாங்குகிறவர் கண் முன்னால் திறந்து காட்டுவாராம். வாங்குகிறவரின் பெட்டியையும் அதே இடத்தில் திறப்பாராம்.

"உங்களுது எதனால செத்துச்சுன்னு தெரியாம என் சரக்கைக் கொடுத்தா, நாளைக்கு அதுவும் சாகும். பழி என் தலையில விழும்," என்றார் அந்த அம்மா.

வேறு யார்டு பார்க்கலாமே என்று இழுத்தேன். மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்து, இவ்வளவு நேர்மையான ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவானேன் என்றார்.

எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி ஒர்க்‌ஷாப்பில் வைத்திருந்தேன். அடித்தட்டில் பதினாறு போல்ட். யார்டுக்குப் போவதற்குள் தட்டை இறக்கி, வளையத்தை மாட்டி மூடிவிட்டால், கருகிய பெட்டி வெறும் வயசான பெட்டி. ஐம்பதாம் நாள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பது போல்ட் கழன்றது. பத்தாவதில் ஸ்பானர் வைத்தபோது ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன.

"மாமா, உள்ள வரலாமா?"

பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். போகிற மாதிரி தெரியவில்லை.

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "ரெண்டு மூணு தடவை ரிவர்ஸ்ல இருந்து டிரைவுக்கு, வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன். அவசரத்துல. அதனாலதான் போச்சா?"

இல்லை. ஒரே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அந்த 'இல்லை'க்குப் பின்னால் 'அப்போ எதனால?' என்று அவள் கேட்பாள் என்பதும் கூடவே வந்தது.

"அப்படியும் ஆகலாம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. எழுந்து, என் காலி டம்ளரையும் வாங்கிக் கழுவி வைத்தாள். கடைகளுக்கு வேறு வண்டியில் கேன் போட மச்சான் ஏற்பாடு செய்கிறார், இன்னும் ஆறு மாசத்தில் வண்டியையே விற்றுவிடலாம் என்கிறார் என்றாள். அப்பாவால் இனி ஓட்ட முடியாது, தானும் இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, கழற்றி வைத்திருந்த ஒன்பது போல்ட்டையும் எடுத்துத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினேன். மச்சான் பெட்டியை ஏற்ற வேனோடு வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். யார்டில் கதவுகள் ஒரு பக்கம், பானட்டுகள் ஒரு பக்கம், கண் இல்லாத ஹெட்லைட் கூடுகள் ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். போனில் பேசிய அந்த யார்டு அக்காவுக்கு அறுபது வயசு இருக்கும். முழங்கை வரை கையுறை. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. தகட்டு நம்பரை மச்சான் மகளின் நோட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். பின்பக்க வாலைக் காட்டினார். ஊசிகளை அவளையே எண்ணச் சொன்னார்.

"இந்த மாதிரி எழுதிக்கிட்டு வர்ற கஸ்டமர் எனக்கு வருஷத்துக்கு ஒண்ணு வந்தாப் போதும். யார் இது, உங்க பொண்ணா தம்பி?"

"பொண்ணுதான்," என்றார் மச்சான். குரலில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை.

அக்கா முதலில் தன் பெட்டியைத் திறந்தார். ஆயில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருந்தது. தட்டில் இருந்த காந்தத்தில் கண்மை அளவுக்கு இரும்புத் தூள். விரலில் தேய்த்து எங்கள் மூன்று பேருக்கும் காட்டினார். ஆரோக்கியமான பெட்டி.

"இப்ப உங்களுதோட வாயைத் திறப்போம்."

பதினாறு போல்ட். ஒவ்வொன்றும் கழலும் சத்தத்தை நான் எண்ணினேன். தட்டு இறங்கியதும் தீய்ந்த வாசனை வந்தது. மிச்சமிருந்த ஆயில் கறுப்பு. அக்கா ஃபில்டரைப் பிடித்தார். இழுக்கவே இல்லை, அது தானாகக் கழன்று அவர் கையில் விழுந்தது. பிறகு சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஃபில்டரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வளையம் எங்கும் இல்லை.

"கடைசியா ஆயில் மாத்தினது யாரு?"

"நம்ம மாப்ளதான்," என்றார் மச்சான், என் தோளில் கை போட்டுக்கொண்டு. "காதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே."

அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எங்கள் லைனில் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. தொழில்காரன் செய்த தப்பைக் கஸ்டமர் முன்னால் இன்னொரு தொழில்காரன் சொல்ல மாட்டான். நானும் எத்தனையோ பேரை அப்படி மூடி அனுப்பியிருக்கிறேன். அக்கா ஃபில்டரைப் பழைய பேப்பரில் சுற்றித் தன் பக்கத்தில் வைத்தார்.

"பழைய பெட்டி தம்பி. ஆயுசு முடிஞ்சுது."

தப்பித்தேன். அவ்வளவுதான், முடிந்தது, இனி யாருக்கும் தெரியாது.

மச்சான் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தானா எங்க முடிஞ்சுது? இவ முடிச்சு வெச்சா," என்றார். பாதி கிண்டல்தான். ஐந்து நாளாக அவர் அவளிடம் பேசிய முதல் கிண்டல்.

"ஆமாப்பா. நான்தான்," என்றாள் அவள். "மாமாவும் நேத்து அதான் சொன்னாரு."

என் கை சட்டைப்பைக்குள் போனது. அதை நான் அனுப்பியதாக ஞாபகம் இல்லை. குட்டிக் கவரை எடுத்து, அக்காவின் முன்னால் இருந்த மேஜையில், பேப்பர் சுற்றிய ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது உள்ள இருந்திருக்கணும் மச்சான். நான் போட மறந்துட்டேன். அதனாலதான் பெட்டி போச்சு. பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

மச்சான் சிரித்தார். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது.

அவள் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் எல்லாம் கசங்கிப்போயிருந்தது.

"இது பையில ரொம்ப நாளா இருந்த மாதிரி இருக்கே மாமா. எப்பத் தெரியும்?"

"மறுநாள் காலையிலயே."

"நான் சரிவுல ஏறினப்ப தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து நான் வந்து கேட்டப்ப?"

பக்கத்தில் ஏதோ வண்டியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் பதிலை மாற்றிக்கொள்ள முடியாது என்பது தெரிந்திருந்தும்.

"தெரியும்," என்றேன்.

அவள் கவரைத் திரும்ப மேஜையில் வைத்தாள். மச்சான்தான் பேசினார். "அந்தப் பெரியவர் குதிக்காம இருந்திருந்தா?" என்றார். கேள்வி மாதிரி இல்லை. அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை அவர் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை. எதுவுமே கூப்பிடவில்லை.

தன் பெட்டியை மூடுவதற்கு முன் அக்கா ஒரு புது ஃபில்டரையும் வளையத்தையும் எடுத்து வைத்தார். ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் குழாய்களையும் கழுவாமல் பெட்டியை மாட்டாதீர்கள், கருகிய தூள் அங்கேயும் போயிருக்கும் என்றார். பழக்கதோஷத்தில் நான் ஃபில்டருக்குக் கை நீட்டினேன்.

"தள்ளுங்க மாமா. நான் போடறேன்."

வளையத்தை ஆயிலில் நனைத்தாள். கழுத்தில் ஏற்றி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள்.

டப்.

பெட்டியை நான்தான் வண்டியில் மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் அவள் தன் கையால் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தாள். நோட்டில் டிக் போட்டாள். மூன்று நாள் வேலையில் எங்களுக்குள் ஸ்பானர் நம்பர்கள் தவிர வேறு பேச்சு இல்லை. வீட்டில் என் மனைவி நேரத்துக்குத் தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். தன் அண்ணன் மகளிடம் நான் 'அப்படியும் ஆகலாம்' என்று சொன்னது, பெட்டி போனதைவிட அவளுக்குப் பெரிசாகப் பட்டிருந்தது. எனக்கும்தான்.

நாலாம் நாள் காலை, முழு லோடோடு அதே சரிவில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. மச்சான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மகளிடம் நீட்டினார். "அப்பாவை மன்னிச்சுடு பாப்பா," என்றார். அவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருக்கு வந்த அந்த வார்த்தை எனக்கு ஐம்பத்தைந்து நாளாக வரவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். நான் போய் வண்டிக்குப் பின்னால், அந்தப் பெரியவர் நின்றிருந்த அதே இடத்தில் நின்றேன். வண்டி உருண்டால் முதலில் நான் இருக்கட்டும் என்று ஏதோ ஒரு நினைப்பு. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மாமா, ஓரமாப் போங்க. எனக்கு ரோடு தெரியணும்."

ஓரமாகப் போனேன். வண்டி சரிவில் ஏறியது, ஒரு உறுமல்கூடக் கூடுதலாக இல்லாமல். மேலே போய், சிக்னல் போட்டு, வலது பக்கம் திரும்பி மறைந்தது.

இப்போதும் தினமும் காலை ஏழரைக்கு அந்த வண்டி என் கடையைத் தாண்டிப் போகிறது. ஆயில் மாற்ற வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறதாம். கொசு ரீங்காரம் இல்லை. இரண்டு ஹாரனும் இல்லை. நான் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத அந்தச் சத்தத்தைத் தெருமுனை வரை கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.